ரெகுலேட்டருக்கு எண்ணெய்க் குளியல்

விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கு, சிலிண்டரின் கழுத்தில் தொங்கிய அட்டையிலிருந்து குங்குமத்தைத் துடைத்தபோதுதான் பொம்மையனுக்கு அதன் அடியில் எழுத்து இருப்பது தெரிந்தது.

இங்கிலீஷ் எழுத்து. பொம்மையன் எஸ்.எஸ்.எல்.சி. வரை போய் இங்கிலீஷில் கோட்டை விட்டவன். ஆனாலும் கெமிஸ்ட்ரி லேபில் எட்டு வருஷம் பாட்டில்களைத் துடைத்து அடுக்கியதில், சின்னச் சின்ன வார்த்தைகளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவான். உதட்டை அசைத்து வாசித்தான்.

"டேஞ்சர். நோ ஆயில். நோ கிரீஸ்."

அதற்குக் கீழே, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒரு மண்டை ஓட்டின் படம் போட்டிருந்தது.

பொம்மையன் அட்டையைப் பார்த்தான். பிறகு சிலிண்டரின் தலையில் பொருத்தியிருந்த ரெகுலேட்டரைப் பார்த்தான். இரண்டு வட்ட மீட்டர்கள் வைத்த அந்தப் பித்தளைச் சாமான்தான் உள்ளே அமுக்கி அடைத்த காற்றை அளந்து, அடக்கி, வெளியே விடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் ஆயுத பூஜையில் லேப் சாமான்களுக்கெல்லாம் எண்ணெய் பூசியவன் அவன்தான். கண்ணாடிக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, கிண்ணத்தில் முக்கி, தராசுக்கு ஒரு தொடல், இடுக்கிக்கு ஒரு தொடல் என்று சிக்கனமாகப் போனவன், ரெகுலேட்டரிடம் வந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அப்படியே அதன் தலையில் கவிழ்த்துவிட்டான். அந்தச் சாமான்மேல் அவனுக்குத் தனிப் பிரியம்.

பிரியம் என்றால் சாதாரணப் பிரியம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து கூட்ஸ் வண்டியில் சிலிண்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து பொம்மையனின் மத்தியான நேரமெல்லாம் அதற்கே எழுதி வைத்ததாகிவிட்டது. ஆள் உயரம், கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. மூலையில் சங்கிலி கட்டிச் சும்மா நிற்கும். ஒரு ரூம் கொள்ளாத ஆக்சிஜனை அதற்குள் அமுக்கி வைத்திருப்பதாகப் புரொபசர் சொல்லியிருந்தார். பொம்மையன் அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டான். சிறுமலை மேல் அடிக்கிற காற்று முழுவதையும் பிடித்து அதற்குள் போட்டிருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து மயில்துத்தக் கரைசலில் விழும்போது லேப் முழுக்க நீலம் பரவும். அந்த நீலத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே காற்று புரண்டு படுக்கிறதா என்று சிலிண்டரில் காதை வைத்துக் கேட்பான். சத்தம் ஒன்றும் வராது. அதனால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

சிலிண்டர் வந்த அன்று புரொபசர் கிறிஸ்துராஜ் அவனை எதிரில் நிறுத்தி ஒன்பது விதிகள் சொன்னார். முதல் விதி, சங்கிலி போட்டுக் கட்டு. ஒன்பதாவது விதி, சந்தேகம் வந்தால் என்னைக் கேள். நடுவில் இருந்த ஏழு விதிகளையும் அவர் சொன்ன நேரத்தில் ஒரு தும்பி உள்ளே வந்து குடுவை குடுவையாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. பொம்மையன் அதோடு போய்விட்டான்.

இப்போது அந்த ஏழில் ஒன்று மண்டை ஓட்டோடு கழுத்தில் தொங்குகிறது.

பதினொரு மணிக்கு யுனிவர்சிட்டியிலிருந்து ஆள் வருகிறார். பி.எஸ்ஸி. வகுப்பு தொடங்க லேப் லாயக்கா என்று பார்த்துச் சொல்கிறவர். நல்ல நாளாக இருக்கட்டும் என்று காலேஜ் தலைவர் விஜயதசமியாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். வந்தவருக்குப் புரொபசர் சிலிண்டரைத் திறந்து, ஜாடியில் ஆக்சிஜன் பிடித்து, அதில் இரும்புக் கம்பியை மத்தாப்பாக எரித்துக் காட்டப்போகிறார். வகுப்பு கிடைத்தால் பொம்மையனின் வேலை நிரந்தரமாகும். எட்டு வருஷமாக 'டெம்பரவரி' என்ற சொல்லோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு அது லேசுப்பட்ட விஷயமில்லை.

வேலை போனால் ஒட்டன்சத்திரம்தான்.

அங்கே அவன் மனைவி பேச்சாயியின் அண்ணன் சோலைமலை காய்கறி மண்டி வைத்திருந்தான். "மாப்ளே, எப்ப வேணும்னாலும் வாங்க, ஏலம் கூவ ஆள் வேணும்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வான். ஒரு தடவை பொம்மையன் மூன்று நாள் போய்ப் பார்த்தான். கூவவேண்டிய நேரத்தில் தக்காளியின் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு லாரிச் சரக்கு அரை விலைக்குக் கேரளா போய்விட்டது. அந்தச் சத்தம் மட்டும் அவனை விடாமல் ஒரு வாரம் காதில் கூவிக்கொண்டே இருந்தது. இந்த லேபின் அமைதியை விட்டுவிட்டு அங்கே போவதை நினைத்தாலே அவன் கை தானாகப் போய்க் காதைப் பொத்தியது.

"என்னண்ணே, பேயடிச்ச மாதிரி நிக்கிறீக?"

லேபைப் பெருக்கும் சிவனம்மாள் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். அவளும் டெம்பரவரிதான். பூஜைக்கு நல்லெண்ணெய் வாங்கி அவளிடம்தான் கொடுத்திருந்தான்; கிண்ணத்தை நிரப்பிக் கொண்டுவந்ததும் அவள்தான்.

"சிவனம்மா, ரெகுலேட்டர்ல எண்ணெ படக்கூடாதாம்."

"எந்த எண்ணெ?"

"நேத்துப் பூசுன எண்ணெதான். ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா ஆபத்தாம். இந்தா பாரு, படமே போட்டிருக்கான்."

சிவனம்மாள் மண்டை ஓட்டைப் பார்த்தாள். கையில் இருந்த விளக்குமாறு கீழே விழுந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசு சொல்லுது."

"மனசு சொன்னாப் போதுமா? புரொபசர் சார் இதுக்கு நேரா மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் தொறக்கப் போறாரு!"

சிவனம்மாள் கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகினாள். "ஏண்ணே, பூஜை எண்ணெயில தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிருவாகளா?"

"பின்ன, மாலை போட்டுக் கும்புடுவாகளா?"

அவள் கீழே விழுந்த விளக்குமாற்றை எடுத்து மூலையில் சாத்தினாள். பிறகு திடீரென்று ஒரு வேகம் வந்தவளாக, "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று சேலையை இழுத்துச் செருகினாள். தன் சங்கடத்தில் பங்குக்கு வருகிற ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று பொம்மையனுக்குக் கண் கலங்கியது.

முதல் வேலையாக ஒரு துணியை எடுத்து ரெகுலேட்டரைத் துடைத்தான். துணி மஞ்சளாக வந்தது. அழுத்தித் துடைத்தான். அந்த மஞ்சள், திருகு மரையின் இடுக்கிலெல்லாம் போய் அப்பிக்கொண்டது. மோந்து பார்க்கலாம் என்றால், எட்டு வருஷம் அழுகின முட்டை நாற்றமடிக்கிற வாயுவைச் சுவாசித்து அவனுடைய மூக்கு என்றைக்கோ ஓய்வு பெற்றுவிட்டது.

"எம்புட்டு எண்ணெ பாத்தியா? ஊறிப் போய் கெடக்கு" என்றான்.

"ஆமாண்ணே" என்றாள் சிவனம்மாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தெரிந்த ஒருவரைக் கேட்டுவிடுவது என்று பொம்மையன் சைக்கிளை எடுத்தான். பழனி ரோட்டில் ஆண்டிச்சாமியின் வெல்டிங் பட்டறை இருந்தது. அங்கேயும் ஆக்சிஜன் சிலிண்டர்தான். தெருவெங்கும் கடைகளில் வாழைக்கன்று கட்டியிருந்தது. லாரிகள் முகத்தில் சந்தனமும் எலுமிச்சம்பழமுமாக வெயிலில் தூங்கின. மலைக்கோட்டை ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது. பெடலை மிதித்துக்கொண்டே பொம்மையன் மெல்லக் கனவுக்குள் இறங்கினான். அதில் புரொபசர் சாவியைத் திருப்புகிறார். சிலிண்டர் சங்கிலியை அறுத்துக்கொண்டு, கூரையைப் பிரித்துக்கொண்டு மேலே கிளம்புகிறது. சத்தமே இல்லை. மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, மேகத்துக்குள் நுழைந்து, பொறுமையாக மேற்கே திரும்பி, ஒட்டன்சத்திரம் மண்டியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. சோலைமலை அதற்கு விலை கூவுகிறான். பட்டறையைத் தாண்டி ரெண்டு பர்லாங்கு வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. திரும்பினான்.

ஆண்டிச்சாமி பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் ஆக்சிஜன் ரெகுலேட்டர்ல எண்ணெயப் போட்டுட்டான். என்ன ஆகும்?"

ஆண்டிச்சாமி மெல்லுவதை நிறுத்தினார். "எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த மொதலாளியோட புருவத்தைப் பாத்திருக்கியா?"

"இல்லையே."

"நானும் பாத்ததில்ல. நான் சேரையிலயே அவருக்குப் புருவம் கெடையாது. கிரீஸ் கையோட வால்வத் தொறந்த மனுசன். அந்த வெரசுல காத்து வந்து எண்ணெயில பட்டுச்சுன்னா தீக்குச்சியே வேண்டாம் அப்பு, தானாப் பத்தும். இந்தா பாரு, என் சிலிண்டருக்கு மாலை போட்டிருக்கேன், பொட்டு வச்சிருக்கேன். எல்லாம் ஒடம்போட சரி. தலைப்பக்கம் ஈரக்கையைக்கூட வைக்க மாட்டேன்."

"அவன் இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. தொறக்கக்கூடாது. கழுவுற மருந்து கம்பெனிக்காரன்கிட்டதான் இருக்கு, நாம கை வைக்கப்படாது. பெரியவுககிட்ட நடந்ததைச் சொல்லிரணும். அம்புட்டுத்தான்."

நல்ல யோசனை. முழுதாகக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 'கழுவுற' என்ற சொல் காதில் விழுந்ததுமே பொம்மையனின் மனம் அதைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் அவனுக்குக் கேட்டது.

லேபுக்கு வந்து கேட்டான். "சிவனம்மா, தலையில எண்ணெ தேச்சா எதைப் போட்டுக் கழுவுவோம்?"

"அரப்பு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவனம்மாள் இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடினாள். ஏழு தலைக்குக் காணும் அரப்புப் பொடியோடு திரும்பி வந்தாள்.

பொம்மையன் சிலிண்டர் வால்வை இறுக்கி மூடினான். ஸ்பானர் போட்டு ரெகுலேட்டரைக் கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்திக்கொண்டு தொட்டிக்குப் போனான். சிவனம்மாள் அரப்பைக் கரைத்து ஊற்ற ஊற்ற, அவன் தேய்த்தான். ஒரே தேய்ப்பில் பித்தளை பளபளவென்று வந்துவிட்டது.

"பாத்தீகளா, துளி பிசுக்கு இல்ல" என்றாள் அவள்.

"அதெப்படி இம்புட்டுச் சுளுவாப் போச்சு?"

"அரப்பு நல்ல அரப்புண்ணே. விடுங்க, மாட்டிருங்க. முடிஞ்சது."

முடியவில்லை. மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் அரப்புத் தண்ணீர் இறங்கி, பாதி வட்டம் வரை பச்சையாக நின்றது. அதில் முள் லேசாக ஆடியது. பொம்மையன் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். மழைக்காலத்துக் கண்மாய் அவன் கண்ணில் தெரிந்தது. பாசி படிந்த படித்துறை, காலைக் கடிக்கிற சின்ன மீன், தண்ணீருக்கு மேலே தாழ்ந்து பறக்கிற ஒரு நாரை, எல்லாம் தெரிந்தன. பத்து நிமிஷம் அப்படியே போயிற்று. உலகத்தில் இவ்வளவு அழகான தப்பை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

"அண்ணே, மணி பத்தாகப் போகுது!"

பொம்மையன் கண்மாயிலிருந்து கரையேறினான். "காய வைக்கணும். தலை குளிச்சா முடியை எப்படிக் காய வைப்பே?"

"சாம்பிராணிப் புகையில..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். "வேணாம்ணே."

ஆனால் பொம்மையன் அதற்குள் பூஜை மேஜையடியிலிருந்து சாம்பிராணிச் சட்டியை எடுத்துவிட்டான். வாட்ச்மேன் டீ போடுகிற அடுப்பிலிருந்து ரெண்டு கங்கு வந்தது. சாம்பிராணி விழுந்ததும் வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழுந்து லேபை நிரப்பியது. ஜன்னல் வெளிச்சம் அதில் தூண் தூணாக இறங்கியது. அலமாரியில் இருந்த பாட்டில்கள் கரைந்து போயின. பொம்மையன் புகைக்கு மேலே ரெகுலேட்டரைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகத் திருப்பினான். அவனுக்குச் சுகமாகக் கண்ணைச் சொருகியது.

"தீ எங்கே? எங்கே தீ?"

புகைக்குள்ளிருந்து புரொபசர் கிறிஸ்துராஜின் குரல் முதலில் வந்தது. பிறகு அவர் வந்தார். பொம்மையன் வேறு வழி தெரியாமல் ரெகுலேட்டரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அது நன்றாகச் சூடேறியிருந்தது.

"ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிற ரூமில தணலா? ஒன்பது விதியில் மூணாவது என்ன, சொல்லு பார்ப்போம்!"

"தும்பி சார்" என்றான் பொம்மையன். வயிறு பொறுக்க முடியாமல் எரிந்தது.

"என்னது?"

"பெரியவுக வாராக, லேபு மணமா இருக்கட்டுமுன்னு நான்தான் போடச் சொன்னேன் சார்" என்று சிவனம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

புரொபசர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர். பூஜைக்கு முந்தின நாள்கூட, "உங்க வழக்கம் எதையும் நான் தடுக்கல பொம்மையா, சிலிண்டருக்கு மட்டும் பூவோட நிறுத்திக்கோ" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையின்போது எந்தத் தும்பி வந்ததோ, பொம்மையனுக்கு இப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

"ஏன் நெளியறே?"

"பயம் சார்."

"எனக்கும் பயம்தான். பன்னிரண்டு வருஷமாக இந்த பி.எஸ்ஸி. வகுப்புக்குக் கனவு கண்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு மணி நேரம் எல்லாம் சரியா நடந்தாப் போதும்." அவர் பொம்மையனின் தோளைத் தட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

கனவு என்ற சொல் பொம்மையனைச் சுட்டது, ரெகுலேட்டருக்கு மேலாகவே. அவரும் கனவுக்காரர்தான். சட்டைக்குள் கொப்புளம் போட்டிருந்த வயிற்றைத் தடவிக்கொண்டு ரெகுலேட்டரை எடுத்து, மீட்டரில் மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரை வடித்துவிட்டு, திரும்ப மாட்டி முடுக்கினான். வெளியே பார்த்தால் சுத்தம். உள்ளே? ஆண்டிச்சாமி சொன்ன மீதி வார்த்தைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக அவன் காதுக்கு வந்து சேர்ந்தன. உள்ளே ஒரு சொட்டு தங்கியிருந்தால்? அதை யார் எட்டிப் பார்ப்பது?

பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது புரொபசர் வந்து மீட்டரைப் பார்த்தார்.

"வால்வைத் திறக்கவே இல்லை. முள் அம்பதில நிக்குதே?"

"நல்ல நாள் சார்" என்றான் பொம்மையன்.

புரொபசர் மேற்கொண்டு கேட்பதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. யுனிவர்சிட்டியிலிருந்து வந்தவர் பெயர் பாக்கியராஜ். ஒல்லியான மனிதர். கையில் நோட்டுப் புத்தகம். அலமாரியைத் திறந்தார், மூடினார். தராசைத் தட்டினார். தொட்டியில் ஒட்டியிருந்த பச்சைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்து, நோட்டில் எதையோ குறித்தார். லேபில் சாம்பிராணி மணம் இன்னும் இருந்தது. அதையும் குறித்தார்.

"சரி, ஆக்சிஜனைக் காட்டுங்க" என்றார்.

"பொம்மையா, சிலிண்டர் சாவி."

சாவி பொம்மையனின் இடுப்பில், வேட்டி மடிப்பில் இருந்தது. சாவி கிடைக்காவிட்டால் திறக்க முடியாது, திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, வந்தவர் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார் என்று கடைசி நேரத்தில் அவன் போட்ட திட்டம் அது.

"காணோம் சார்."

"காணோமா? இங்கேதானே மாட்டியிருந்தது?" புரொபசரின் முகம் வேர்த்தது. மேஜைக்கடியில் குனிந்து தேடினார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்த புரொபசர், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். மேஜைமேல் இருந்த, கம்பி வெட்டுகிற கொறட்டை எடுத்தார். "பரவாயில்லை, இதுவே போதும்" என்று வால்வின் தலையைக் கொறட்டால் கவ்வினார்.

பொம்மையனுக்கு எல்லாம் மெதுவாக நடக்க ஆரம்பித்தது. திறந்த ஜன்னலில் துணி அசைந்தது. மேஜைமேல் ஜாடி காலியாக, வெளிச்சம் நிறைந்து காத்திருந்தது. சாவி தன் இடுப்பில் இருப்பதையே மறந்தவனாக அவன் புரொபசரின் முகத்தைப் பார்த்தான். எட்டு வருஷத்தில் ஒருநாளும் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. புரொபசருக்கு அடர்த்தியான புருவம். நரைக்கத் தொடங்கிய, கொஞ்சம் கலைந்த, நல்ல புருவம். அதில் ஒரு வேர்வைத் துளி தொங்கியது. இந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த லேபில் எந்த மத்தியானம் நீலமாக இருக்கும் என்று நினைத்தான். ஒட்டன்சத்திரம் திடீரென்று ரொம்பச் சின்ன ஊராகிவிட்டது.

"சார், தொறக்காதீங்க!"

மண்டியில் மூன்று நாளும் எவ்வளவு முயன்றும் வராத சத்தம் அது. அலமாரியில் பாட்டில்கள் அதிர்ந்தன. வெளியே வாட்ச்மேன் டீக் கிளாசைக் கீழே போட்டான். பொம்மையன் பாய்ந்து வந்து, கொறட்டைத் தட்டிவிட்டு, சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எண்ணெ போட்டுட்டேன் சார். நேத்துப் பூஜையில. கிண்ணத்தோட கவுத்துட்டேன். அட்டையை இன்னைக்குக் காலையிலதான் படிச்சேன். அரப்புப் போட்டுக் கழுவினேன், சாம்பிராணி காட்டினேன், உள்ள போயிருச்சான்னு தெரியல. சாவி எங்கிட்டத்தான் இருக்கு. என்னை அனுப்பிருங்க சார், இதைத் தொறந்துராதீங்க."

புரொபசர் கொறடு பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு பெரிய குழிக்கு முன்னால் நின்று, அதை அப்போதுதான் பார்த்தவரின் முகமாக இருந்தது அது.

"காலையிலேயே ஏன் சொல்லல பொம்மையா?"

"ஒட்டன்சத்திரம் சார்" என்றான் பொம்மையன், அழுதுகொண்டே. மண்டிக் கதை முன்பே தெரிந்த அவருக்கு அது புரிந்தது.

பாக்கியராஜ் சிலிண்டருக்கு அருகில் வந்து, குங்குமம் படிந்த அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"அரப்பா போட்டீங்க?"

"ஆமாங்க. நல்ல அரப்பு."

அவருடைய உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டார். "பன்னெண்டு காலேஜ் பார்த்துட்டு வர்றேன். பன்னெண்டுலயும் சிலிண்டர் இருக்கு, பன்னெண்டுலயும் கழுத்துல அட்டை இருக்கு. அதைப் படிச்ச ஆளை இங்கேதான் முதல்ல பார்க்கிறேன். படிச்சது மட்டுமில்ல, வேலையே போனாலும் சரின்னு சத்தம் போட்டிருக்கீங்க." அவர் நோட்டைத் திறந்தார். "புரொபசர், ரெகுலேட்டரைக் கழற்றி மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்புங்க, அவங்க பிரிச்சுச் சுத்தம் பண்ணுவாங்க. சிலிண்டருக்கு மூடி போட்டு வைங்க. கொறடு பக்கமே போகாதீங்க. வகுப்புக்கு நான் சம்மதம்னு எழுதறேன். ஒரே ஒரு கண்டிஷன். இந்த ஆளை நிரந்தரம் பண்ணி, சிலிண்டரை இவர் பொறுப்புல விடணும்."

புரொபசர் பொம்மையனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பொம்மையனுக்கு நடந்ததெல்லாம் நிஜம்தானா என்று தெரியவில்லை. இதுவும் தன் கனவுகளில் ஒன்றாக இருக்குமோ என்று வயிற்றுக் கொப்புளத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். வலித்தது. நிஜம்தான்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு, பொம்மையனும் சிவனம்மாளும் ரெகுலேட்டரை வைக்கோலில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். வெயில் சாய்ந்து மயில்துத்தத்தில் விழுந்து, லேப் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் புரொபசர் இங்கிலீஷில் நாலு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார், பட்ட எண்ணெய் நல்லெண்ணெய் என்ற விவரத்தோடு. பொம்மையன் பெட்டிக்கு ஆணி அடித்தான். சிவனம்மாளுக்கும் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் காலேஜ் தலைவருக்குப் புரொபசர் எழுதியிருப்பதாகச் சொன்னான். அவள் கடிதத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள்.

"இனிமே ஒரு விதியையும் விடமாட்டேன் சிவனம்மா. அடுத்த வருசத்துல இருந்து பூஜைக்கு எண்ணெங்கிற பேச்சே கெடையாது. எல்லாத்துக்கும் மஞ்சத் தண்ணி தொட்டு வச்சாப் போதும்."

சிவனம்மாள் கதவுப் பக்கம் ரெண்டு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"இந்த வருசமும் அதைத்தாண்ணே தொட்டு வச்சீக, நீங்க குடுத்த எண்ணெயில நான் பிள்ளைகளுக்கு வடை சுட்டுட்டேன்."